அக்காவின் வரவேற்பில் ஒலித்த லண்டன் பாட்டு

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்: அக்கா, காலையில் கோயிலில் அவளுக்குத் தாலி கட்டியிருந்த மச்சான், மச்சானின் அம்மாவும் அப்பாவும், கண்டிக் கடைத்தெருவில் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள வியாபாரக் குடும்பங்கள், என் அம்மா, அப்பா, பெரியம்மா, புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்த எங்கள் ஆட்கள், நான். வராதவர் ஒருவர்தான். சித்தப்பா.

அவருக்கு உடம்பு சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தோம். பஸ்ஸில் வந்தவர்கள் எவரும் அதை நம்பவில்லை. அன்று விடியற்காலையில் சீர்த் தட்டுகளைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிக்கொடுத்தவர் அவர்தான். ஏற்றிவிட்டு இறங்கி, "போய்ட்டு வாங்க" என்று கை காட்டிவிட்டு லயத்துக்குள் போய்விட்டார்.

சித்தப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. ஆனால் தோட்டத்தில் அவரைத் தப்புக்காரர் என்றால்தான் தெரியும். வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி, தோளில் மாட்டிக் குச்சிகளால் அடிக்கிற மேளம் அது. திருவிழாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் தப்புச் சத்தம் கேட்டால், கொழுந்து பறிக்கிற பெண்கள் தலையைத் தூக்காமலே "சாமி எடுக்குறாங்க" என்பார்கள், இல்லையென்றால் "யாரோ போய்ட்டாங்க" என்பார்கள். ஒரு தடவையும் தவறியதில்லை.

கல்யாணம் பேசியபோது மச்சானின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. சீதனம் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை. அக்கா அவர்களுடைய மின்சாமான் கடைக்கு எதிரே ஒரு புடவைக் கடையில் வேலை செய்தவள். மச்சானே விரும்பி, அடம்பிடித்து, கடைசியில் அத்தையே எங்கள் லயத்துக்கு வந்து கேட்ட சம்பந்தம்.

"எல்லாம் உங்க இஷ்டம் சம்பந்தி. அந்தத் தப்பு மட்டும் வேணாம்," என்றார் அத்தை. "நாதஸ்வரம் நாங்களே பேசிட்டோம். மண்டபத்துக்கு வாறவங்க எல்லாம் ஒரு மாதிரியான ஆட்கள்."

ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று அப்பா கேட்கவில்லை. டவுனில் தப்பைக் கண்டால் முதலில் அடிக்கிறவரின் சாதியைத்தான் பேசுவார்கள் என்பது அப்பாவுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அப்பா தலையாட்டினார். செய்தியைச் சித்தப்பாவிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக உட்கார்ந்த முதல் ஆள் நான். அதனால் சொல்லக் கஷ்டமான விஷயங்களுக்கு என்னிடம் வார்த்தை இருக்கும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை.

நான் சொன்னதைச் சித்தப்பா கேட்டுக்கொண்டார்.

"சரிடா கிளாக்கு. தப்பு இல்லாத கல்யாணத்துல எனக்கென்ன வேல? சோறு திங்கவா?"

"அப்படி இல்ல சித்தப்பா. டவுன் ஆளுங்க..."

"டவுன் ஆளுங்களுக்குக் காது வேற மாதிரியா இருக்கும்? போ. ஒங்கக்காவ நல்லா இருக்கச் சொல்லு."

மச்சானுக்கு இது தாமதமாகத்தான் தெரிய வந்தது. கல்யாணத்துக்கு முந்திய வாரம் நான் கடைக்குப் போயிருந்தபோது என்னை உள்ளே, ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். அவருடைய அப்பா காசு மேசையில் இருந்தார். கடையில் எப்போதும் அவர் அங்கேதான் இருப்பார். மிச்சக் காசைக் கொடுக்கும்போதுகூட வாய் திறக்காத மனிதர்.

"அம்மா சொன்னது எனக்குத் தெரியாது மச்சான். தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்," என்றார். பிறகு சிரித்தார். "ஆனா ஒரு வேல செஞ்சிருக்கேன். உங்க ஆட்கள் சந்தோஷப்படுவாங்க. அம்மாவாலயும் ஒன்னும் சொல்ல ஏலாது. அன்னைக்குப் பாருங்களேன்."

என்னவென்று கேட்டேன். சொல்லவில்லை. அவர் நல்லது நினைத்துத்தான் செய்தார். அதை இப்போதே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததைச் சொல்லும்போது அது மறைந்துபோகும்.

வரவேற்பு பகலில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்கு முன்னர் அக்கா புகுந்த வீட்டில் கால் வைக்கவேண்டும் என்று அத்தை எல்லோருக்கும் சொல்லியிருந்தார். மேடைக்கு முன்னால் சிவப்புக் கம்பளம். வலது பக்கத்து மேசைகளில் டவுன், இடது பக்கத்து மேசைகளில் தோட்டம். யாரும் பிரித்துவைக்கவில்லை, அப்படி உட்கார்ந்துகொண்டார்கள். மூலையில் பாட்டுப் போடுகிற சிங்களப் பையன், காதில் ஒரு பக்கம் மட்டும் ஹெட்போன் வைத்துக்கொண்டு, மச்சானின் சைகைக்காகக் காத்திருந்தான்.

வாசல் கதவு திறந்தது. மச்சான் கோட் சூட்டில், அக்கா இளஞ்சிவப்புப் புடவையில். பாட்டுத் தொடங்கியது.

முதலில் வெறும் இயந்திர அடி. நெஞ்சில் வந்து முட்டுகிற தடித்த ஒலி. டவுன் பக்கத்து இளைஞர்கள் உடனே கண்டுகொண்டு விசில் அடித்தார்கள். எங்கள் பஸ்ஸில் வந்த பையன்களுக்கும் அது தெரிந்திருந்தது. கைபேசியில் ஓடுகிற குட்டி வீடியோக்களில் கொஞ்ச நாளாக இந்தத் துண்டுதான். யாரோ மோட்டார் சைக்கிளில் திரும்புவார்கள், யாரோ கண்ணாடியைக் கழற்றுவார்கள், பின்னால் இது ஓடும். இங்கிலாந்தில் பெரிய ஹிட் என்று மட்டும் எனக்குத் தெரியும். மச்சானும் அக்காவும் கம்பளத்தில் ஆடிக்கொண்டே நாலு எட்டு வந்தார்கள். அக்காவுக்கு ஆடத் தெரியாது, கையை மட்டும் அசைத்தாள். அழகாகத்தான் இருந்தது.

அப்போது இயந்திர அடி நின்றது. அதற்குக் கீழே அதுவரை மறைந்திருந்த தப்பு மட்டும் தனியாக வந்தது.

மச்சான் எங்கள் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரித்தார். பாருங்கள், உங்கள் தப்பு, லண்டனில் இருந்து, என்பது போல. மண்டபம் முழுக்கப் பெரிய ஸ்பீக்கர்களில் தப்பு. நிஜமான தோல், நிஜமான குச்சி. சாவு அடி.

பிணத்தைத் தூக்குகிறபோது அடிக்கிற அடி அது. இழுத்து இழுத்து விழும். பாடை லயத்தைத் தாண்டிப் போகும்வரை மாறாது. தோட்டத்தில் அந்த அடி வாசலைக் கடக்கும்போது உட்கார்ந்திருக்கிறவன் எழுந்துகொள்வான், தோளில் துண்டு இருந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொள்வான். செத்தவனோடு சண்டையாக இருந்தாலும் எழுவான்.

இடது பக்கத்து மேசைகளில் ஆண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக, யாரும் யாரையும் பார்க்காமல். அப்பா புதுச் சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பெண்கள் கையிலிருந்த சோடாக் கிளாஸை மேசையில் வைத்தார்கள்.

அத்தைக்கு அது விளங்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்றவர், கண் கலங்க, "பாருங்க தம்பி, உங்க ஆட்கள் எவ்வளவு மரியாத குடுக்குறாங்க," என்றார்.

பாட்டில் தப்பும் நின்று, ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. அதை இயந்திரத்தில் போட்டு ரப்பர் போல இழுத்திருந்தார்கள். இழுத்தாலும் ஒப்பாரி ஒப்பாரிதான். "ராசா" என்ற சொல் நீண்டு நீண்டு மண்டபக் கூரையில் அலைந்தது. டவுன் இளைஞர்கள் கைபேசிகளை உயர்த்திப் பிடித்து, அடுத்த அடி வந்து விழுவதற்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பாட்டில் எல்லோரும் காத்திருக்கிற இடம் அதுதானாம்.

அது வந்து விழுவதற்குள் பெரியம்மா கம்பளத்தில் ஏறிவிட்டார். அக்காவின் கையைப் பிடித்தார். மணப்பெண் உடுத்துகிற அறைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார். மச்சான் கம்பளத்தில் தனியாக நின்றார். பின்னால் பாட்டு வெடித்தது.

நான்தான் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். பாட்டுப் போடுகிற பையனுக்கு முகம் போய்விட்டது.

"ஐயோ அண்ணே, இது இப்ப எல்லா வெடிங்லயும் போடுறது தானே. நீங்க சொல்லித்தானே போட்டது?"

"நான் சொல்லல தம்பி. பரவாயில்ல. வேற ஏதாவது போடுங்க. வயலின் மாதிரி."

அடுத்த ஒரு மணி நேரம் நான் உடுத்தும் அறைக்கும் மேடைக்கும் இடையே நடந்தேன். இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசினார்கள். இருந்தாலும் நான் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது.

அறைக்குள் பெரியம்மா கதிரையில் உட்கார்ந்திருந்தார். அம்மா அக்காவின் தலையிலிருந்த பூவைச் சரிசெய்வதும் மறுபடி கலைப்பதுமாக இருந்தார். லயத்துப் பெண்கள் இன்னும் நாலைந்து பேர்.

"நல்ல காரியத்துல சாவு அடி விழுந்திருச்சு," என்றார் பெரியம்மா. "இவள நேரா புதுவீட்டுக்கு அனுப்ப ஏலாது. தோட்டத்துக்குக் கொண்டு போயி, தலைக்கு ஊத்தி, மாரியம்மன் கோயில்ல தப்புல நல்ல அடி அடிச்சு, அதுக்குப் பொறவுதான் அங்க கால் வைக்கணும்."

"பெரியம்மா, இது லண்டன்ல போட்ட பாட்டு. கம்ப்யூட்டர்ல செஞ்சது."

"அந்தப் பொம்பளயையும் கம்ப்யூட்டரா செஞ்சிச்சு?"

"இல்ல. அது எங்கயோ பழைய ரெக்கார்டிங்."

"எங்க பெரிய நாத்தனா கொரல் மாதிரியே இருந்துச்சு," என்றாள் ஒருத்தி.

"ஒனக்கு எல்லா ஒப்பாரியும் ஒங்க நாத்தனா கொரல்தான்," என்றாள் இன்னொருத்தி.

பெரியம்மா அவர்களைப் பார்த்த பார்வையில் இருவரும் வாயை மூடினார்கள். பிறகு என்னிடம் கேட்டார்.

"அப்ப அது யாரு சாவுக்கு அடிச்சது?"

நான் வராந்தாவுக்கு வந்து கைபேசியில் தேடினேன். மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். தேடுவது வீண்வேலை என்று தெரிந்தும் தேடினேன், படித்தவன் செய்யக்கூடியது அதுதான் என்பதால். அந்தப் பாட்டைப் பற்றி இங்கிலாந்தில் மாதக்கணக்கில் சண்டை நடந்திருந்தது. செய்தவர்கள் இரண்டு இளைஞர்கள். அந்த மேளத்தையும் குரலையும் தாங்களே கணினியில் உருவாக்கியதாக முதலில் சொல்லியிருக்கிறார்கள். பிறகு யாரோ ஒரு மாணவி பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கண்டுபிடித்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டியிருக்கிறாள். எப்போதோ இங்கே வந்து போன வெள்ளைக்காரர் ஒருவர் பதிவுசெய்தது. நாடாவின் மேல் "இலங்கை, தேயிலைத் தோட்டம், மேளமும் பெண் குரலும்" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. திருட்டு என்று சிலர் எழுதினார்கள். இசைக்கு எல்லை கிடையாது என்று சிலர். சில வானொலிகள் நிறுத்தின. நிறுத்தியதால் இன்னும் அதிகம் பேர் கேட்டார்கள். இளைஞர்கள் மன்னிப்புக் கேட்டு, வருகிற பணத்தில் ஒரு பங்கை உரியவர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்லி, உரியவர்கள் யார் என்று தெரியாமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

அந்த மேளம் யாருக்குச் சொந்தம் என்று அவ்வளவு பேர் எழுதியிருந்தார்கள். அது என்ன மேளம் என்று ஒருவரும் எழுதவில்லை. பெரியம்மா கேட்ட கேள்வி எங்கும் இல்லை.

"நான் இதெல்லாம் வாசிச்சேன் மச்சான்," என்றார் மச்சான். குரல் இறங்கியிருந்தது. "உங்க ஆட்களோடதுன்னு வாசிச்சதாலதான் எடுத்தேன். அம்மா தப்பு வேணான்னாங்க. லண்டன்ல இருந்து வந்தா வேணான்னு சொல்ல மாட்டாங்க தானே."

சொல்லவில்லைதான்.

அத்தையிடம் போனேன். அவருக்கு இதற்குள் யாரோ பாதி சொல்லியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் நின்றார். விருந்தாளிகள் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். மணமக்கள் இல்லாத மேடையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"அது சாவு மேளம்னு உங்க ஆட்களுக்கு எப்படி அவ்வளவு சரியாத் தெரியும்?" என்று கேட்டார் அத்தை. சாதாரணமான கேள்வி போலத்தான் கேட்டார்.

"எல்லா லயத்துலயும் சாவு நடக்கும் அத்தை."

"சரி. தெரியாம நடந்துபோச்சு. என் மகன் வேணும்னு செய்யல. ஒரு தேசிக்காய் சுத்திப் போட்டா முடிஞ்சிது. இப்ப மூணரை. நாலரைக்குள்ள மருமகள் வீட்டுக்குள்ள வரணும்."

"பெரியம்மா இன்னைக்கு அனுப்ப ஏலாதுங்கிறாங்க."

அத்தை மேசைகளைப் பார்த்தார். வலது பக்கத்து மேசைகளை மட்டும்.

"இவ்வளவு பேருக்கு முன்னால என் மகன் தனியா வீட்டுக்குப் போகணுமா? தம்பி, நீங்க படிச்ச பிள்ள, உள்ள போய்ச் சொல்லுங்க. இன்னைக்கு வராட்டி பிறகு வரத் தேவையில்ல."

அதை எப்படி மெதுவாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு திரும்பினேன். அவசியம் இருக்கவில்லை. உடுத்தும் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. அக்கா அங்கே நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

அவள் நேராக அத்தையிடம் வந்தாள். புடவைக் கடையில் இத்தனை வருடம் நின்றவள், வாடிக்கையாளரோடு பேசுகிற அதே நிதானம்.

"அத்தை, சாவு அடியக் கேட்டுட்டு நேரா உங்க வீட்டுக்கு வந்தா, உங்க வீட்டுக்குத்தான் அது வரும்னு எங்கம்மாவங்க பயப்படுறாங்க. என்னைப் புடிச்சு வைக்கல. உங்க வீட்டு நன்மையத்தான் பாக்குறாங்க. நான் தோட்டத்துக்குப் போய்ட்டு வாறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு நீங்க வந்து கூட்டிட்டுப் போனா வருவேன். வராட்டி நான் என்ன செய்ய?"

அம்மா அழத் தொடங்கினார். பெரியம்மா, "அழுவாத, பூவு கலையும்," என்றார், அம்மா ஏற்கெனவே கலைத்த பூவை மறந்து.

எங்கள் ஆட்கள் சாப்பிடாமல் பஸ்ஸில் ஏறினார்கள். பிரியாணியை என்ன செய்வதென்று மண்டபத்துக்காரர் என்னைக் கேட்டார். நான் மச்சானைத் தேடினேன். அவர் பஸ்ஸின் முன் ஆசனத்தில், கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வழியில் கம்பளை டவுன் பாலத்தைத் தாண்டியதும் பின் ஆசனத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "மாப்பிள்ள, ரேடியோவத் தொட்றாதீங்க." பஸ் முழுக்கச் சிரித்தது. மச்சானும் சிரித்தார். அதற்குப் பிறகு எல்லோரும் பசியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

மச்சான் அந்த வாரம் எங்கள் லயத்தில் தங்கி, காலையில் பஸ்ஸில் கடைக்குப் போய் வந்தார். அவருடைய அம்மா கடையில் அவரோடு சாமான் விலை மட்டும் பேசினாராம்.

சித்தப்பாவிடம் மறுபடி நான்தான் போனேன். நல்ல அடி அடிக்கவேண்டும் என்றேன். அவருக்கு எல்லாக் கதையும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த தப்பைக் கழற்றவில்லை.

"கல்யாணத்துக்கு வேணாம். பரிகாரத்துக்கு வேணுமா?"

"அக்காவுக்காக சித்தப்பா."

"அக்காவுக்குன்னா சும்மா அடிப்பேன். ஆனா இது ஒங்கக்காவுக்கு இல்லடா. அந்தம்மா வீட்டுக்கு. தப்புக்காரன எப்படிக் கூப்பிடணும்னு மொற இருக்கு. வெத்தில பாக்கு வச்சு, கூலி வச்சு, வீட்டுக்காரங்க கையால குடுத்துக் கூப்பிடணும். அந்தம்மா கையால. செட்டா நாலு ஆளு வருவோம். முழுக் கூலி. சொந்தக்காரன்னு ஒரு சதம் கொறைக்க மாட்டேன்."

இதை மச்சானிடம் சொன்னேன். அவர் தன் அம்மாவிடம் சொன்னார். முடியாது என்று பதில் வந்தது. அக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது யாராவது, "எப்ப கண்டிக்கு?" என்று கேட்டால், "ஞாயித்துக்கிழம" என்பாள். மச்சான் அப்போது வேறு பக்கம் பார்ப்பார்.

வியாழக்கிழமை கல்யாண வீடியோவின் முதல் பிரதி வந்தது. வீடியோக்காரர் இரண்டு வீட்டுக்கும் அனுப்பியிருந்தார். நான் அதைப் பார்த்தது மறுநாள் அலுவலக மேசையில், சத்தத்தை அணைத்துவிட்டு. பாட்டு இல்லாமல் அந்தக் காட்சி வேறு மாதிரி இருந்தது. அக்கா கையை அசைக்கிறாள். மச்சான் கைகளை விரிக்கிறார். கமரா இடது பக்கம் திரும்புகிறது: எங்கள் ஆண்கள் எழுகிறார்கள். பிறகு மெதுவாக வலது பக்கம் வருகிறது. சிரித்துக்கொண்டு கைபேசியில் படம் பிடிக்கிற முகங்கள். அவர்களுக்கு நடுவில், முதல் மேசையில், மச்சானின் அப்பா எழுந்து நிற்கிறார். அவருடைய பட்டுச் சால்வை தோளில் இல்லை. இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறார். பக்கத்துக் கதிரைக்காரர் எதையோ கேட்கிறார். அவர் திரும்பவில்லை.

அன்று மண்டபத்தில் நான் இடது பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மச்சானைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அப்பா சின்ன வயதில் கம்பளைப் பக்கத்திலிருந்து கண்டிக்கு வந்து, ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தக் கடை வைத்தவர். கம்பளைப் பக்கம் என்றால் எங்கே என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவர் சொன்னதும் இல்லை.

"அம்மா வீடியோவ நேத்து ராத்திரி பார்த்தாங்களாம். அப்பாதான் இன்னைக்குக் கடையில சொன்னாரு," என்றார். "உங்க ஆட்கள் எழும்பினதத் திரும்ப ஒரு தடவ பார்க்கணும்னு போட்டாங்க. பார்த்துட்டு, டீவிய அணைச்சிட்டு, அப்பாகிட்ட, 'நீங்க ஏன் எழும்பினீங்க?'ன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னாரு?"

"கால் தானா எழும்பிச்சுன்னாரு. அவ்வளவுதான். அம்மா அதுக்கு மேல கேட்கல. காலையில எழும்பி, வெத்தில எங்க நல்லதா கிடைக்கும்னு கேட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்த வான் வண்டி தோட்டத்துப் பாதையில் பாதிதான் ஏறியது. மிச்சத்தை அத்தை நடந்து வந்தார், புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. மச்சானின் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பின்னால் தட்டைச் சுமந்து வந்தார். அட்டை ஒன்று அத்தையின் காலில் ஏறியிருந்தது. அம்மா குனிந்து உப்புப் போட்டு எடுத்துவிட்டார். இரண்டு சம்பந்திகளும் அன்று பேசிய முதல் பேச்சு அந்த அட்டையைப் பற்றித்தான்.

சித்தப்பாவும் மற்ற மூன்று பேரும் கோயிலுக்கு முன்னால் நெருப்பு வளர்த்து, தப்புகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அத்தை தட்டை வாங்கி அவருக்கு முன்னால் நீட்டினார். சித்தப்பா உடனே வாங்கவில்லை. குச்சியைக் கீழே வைத்து, கையைத் துண்டில் துடைத்து, மெதுவாகத்தான் வாங்கினார்.

"ஒடம்பு இப்ப சுகமா?" என்று கேட்டார் அத்தை.

"சுகமுங்க. போன ஞாயித்துக்கிழமதான் கொஞ்சம் சரியில்லாம இருந்துச்சு."

பெரியம்மா வாயைச் சேலையால் மூடிக்கொண்டார்.

அக்காவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு நல்ல அடி விழுந்தது. அத்தை கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என் காதருகே வந்தார்.

"எனக்கு அதும் இதும் ஒரே மாதிரித்தான் இருக்கு தம்பி. பொய் சொல்ல மாட்டேன்."

"பரவாயில்ல அத்தை."

மாமா கேட்டுக்கொண்டு நின்றார். இந்த அடிக்கு எழுந்து நிற்கத் தேவையில்லை, ஆடலாம். அவர் ஆடவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார், வலது காலின் பெருவிரல் மட்டும் மண்ணில் தட்டிக்கொண்டிருந்தது. எந்தத் தோட்டம் என்று சித்தப்பா அவரிடம் கேட்டதையும், அவர் ஏதோ பெயர் சொன்னதையும், சித்தப்பா "ஓ, அங்கயா" என்று தலையாட்டியதையும் தூரத்திலிருந்து பார்த்தேன். பெயர் எனக்குக் கேட்கவில்லை.

கிடாய் வெட்டி, லயத்துக்கே சாப்பாடு. போன வாரம் சாப்பிடாமல் வந்தவர்கள் அதையும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். நாலரைக்கு முன்னர் அக்கா கண்டியில் புகுந்த வீட்டுக்குள் கால் வைத்தாள்.

பிறகு ஒருநாள் அந்தப் பாட்டின் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன்: இது ஒரு சாவு ஊர்வலத்தில் அடிக்கும் மேளம், அந்தப் பெண் அழுகிறாள், அவள் யாருக்காக அழுகிறாள் என்று யாருக்காவது தெரியுமா என்று. மூன்று தடவை திருத்தி, இலக்கணம் பார்த்துத்தான் போட்டேன். ஒருவர் நெருப்புப் படம் போட்டிருந்தார். இன்னொருவர், அதைக் கேட்டதும் பாட்டு இன்னும் பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தார். செய்த இளைஞர்கள் பெண் குரலை நீக்கிவிட்டு வேறு வடிவம் ஒன்றை வெளியிட்டார்கள். அதை இங்கே யாரும் போடுவதில்லை. பெரியம்மா என்னைக் காணும்போதெல்லாம், யார் என்று தெரிந்ததா என்று இப்போதும் கேட்கிறார்.

மண்டபத்தில் கூடுதலாக எடுத்த நேரத்துக்கும், வீணான சாப்பாட்டுக்கும், மறுபடி பஸ்ஸுக்கும், வானுக்கும், கிடாய்க்கும், அரிசிக்கும், பூசைக்கும், தட்டில் வைத்த முன்பணம் போகத் தப்புக்காரர் நால்வருக்கும் நான் கொடுத்தது எவ்வளவு ஆனது என்று மாமா என்னைக் கடைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். அப்பா தன் பங்கைத் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மாமா அதைக் கையால் தள்ளிவிட்டு, மின்கணிப்பானை என் பக்கம் திருப்பினார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தப்புக்காரர் கூலியைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, "சரியாக் குடுத்தீங்களா? கொறைக்கலயே?" என்றார். இல்லை என்றேன். இலக்கத்தை அமத்தினார். காசு மேசையைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.